ரேட்டண்ணன் மாட்டிய தகடுகள்

பணம் மாற்றும் கடையில் அன்று காலையிலேயே கூட்டம். வரிசையின் முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். உள்ளே தொலைபேசி அடித்தது. ரேட்டு இறங்கிவிட்டது, தகட்டை மாற்று என்று முதலாளி குரல் கொடுத்தார். ரேட்டண்ணன் முக்காலியைப் போட்டு ஏறினார். பலகையில் தொங்கிய எண்ணைக் கழற்றப் போனவர், "கொக்கி துருப்பிடிச்சுக் கெடக்கு மொதலாளி, வர மாட்டேங்குது" என்று திருகினார், ஊதினார், சட்டை நுனியால் துடைத்தார். அந்தப் பெண் பழைய ரேட்டுக்கே மாற்றிக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் கொக்கிக்கு மனசு வந்தது. அந்தக் கொக்கிகளுக்கு எண்ணெய் போடுவதே அண்ணன்தான் என்பது, சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்ற தங்கைக்கு மட்டும் தெரியும்.

ரேட்டண்ணன் என்பது தெரு வைத்த பேர். அக்கரை நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எத்தனை என்று தினமும் தகர எண்களை மாட்டுவது அவர் வேலை. பாதித் தெருவுக்கு அக்கரையில்தான் பிழைப்பு என்பதால், கோயிலுக்குப் போகிறவர்கள்கூட முதலில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கல்யாணம் காட்சி இல்லாத மனுஷர். வருஷம் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ரேட்டு கேட்டால் கடகடவென்று வரும். "அப்பா போனப்ப முப்பத்தொண்ணு. உனக்குக் கல்யாணம் நாப்பத்திரண்டுல பாப்பா" என்பார். தலை நரைத்த பிறகும் தங்கை அவருக்குப் பாப்பாதான்.

தங்கை தையல்காரி. தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் குடியிருப்பு, அதிலேயே மிஷின். புருஷன் அக்கரைக்குப் பிழைக்கப் போய் அங்கேயே செத்துப்போனான். கம்பெனிக்காரர்கள் நஷ்டஈடாக அந்த நாட்டு நோட்டில் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்கள். அதே சமயத்தில், அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் அதை விற்கப்போவதாகச் சொன்னார். ரேட்டு முப்பத்தாறாக இருந்திருந்தால் அறையை அவளே வாங்க அந்தக் கட்டு சரியாகப் போதும். பலகையிலோ முப்பத்துமூன்று தொங்கியது.

"கொறையறத மாசாமாசம் குடும்மா, நான் ஓடியா போறேன்?" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணனிடம் வந்து சொன்னாள். அவர் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தார்.

"கடன் எதுக்குப் பாப்பா? அப்பா போனப்ப இதைவிடக் கீழ கெடந்துச்சு. உன் கல்யாணத்துக்குள்ள எழுந்திரிச்சு உக்காரலையா? கொஞ்சம் பொறு. முப்பத்தாறைத் தொட்டதும் நானே ஓடிவந்து சொல்றேன்."

"நீங்க சொன்னாச் சரிண்ணே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நடந்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம். நடக்கப்போவது ஆண்டவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

ரேட்டு முப்பதுக்கு வந்தது. "இதுதான் அடி. இனி ஏறும்" என்றார் அண்ணன். இருபத்தைந்துக்கு வந்தபோது, "இப்படி விழுந்தா எழுந்திரிக்கிறதும் வேகமா இருக்கும்" என்றார். அக்கரையில் வங்கிகளை இழுத்து மூடிவிட்டார்கள் என்று வானொலியில் சொன்ன பிறகு அவர் தகட்டை மாட்டுவதோடு சரி. தங்கை தூக்கை வைத்துவிட்டுப் பலகையைப் பார்க்காமலே திரும்புவாள். அவள் பார்க்கவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீக்கடைக்காரருக்குக் கிண்டல் கூடிப்போயிற்று. "ரேட்டண்ணே, உங்க ரேட்டும் என் சட்டைப் பித்தானும் ஒண்ணு. தெனம் ஒண்ணு கழண்டு விழுது."

"சிரிங்க தம்பி. சிரிக்கவாவது ஆள் வேணுமே" என்பார் அவர்.

ஒருநாள் ரேட்டு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பத்தாம் இடத்துக் கொக்கியில் மாட்ட எதுவும் இல்லாமல் அண்ணன் முக்காலி மேலேயே நின்றார். "காலியா விட்டா கடைய மூடிட்டோம்னு நெனைப்பாங்கய்யா, சைபரை மாட்டு" என்றார் முதலாளி. இத்தனை காலத்தில் அந்தக் கொக்கியில் அவர் சைபர் மாட்டியதே இல்லை. அன்று மாட்டினார்.

வீட்டுக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. முடிந்தவரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு அறையைக் கொடுத்துவிட்டார். "என் கையில என்னம்மா இருக்கு?" என்றார்.

வாடகை பாக்கியாவது தீரட்டும் என்று தங்கை நோட்டுக்கட்டோடு வந்து வரிசையில் நின்றாள். பலகையில் ஒன்பது. அவள் முறை வருவதற்குள் தொலைபேசி அடித்தது. எட்டு.

அண்ணன் முக்காலியில் ஏறினார். கொக்கியைத் திருகினார். ஊதினார். சட்டை நுனியால் துடைத்தார்.

"என்னய்யா இவ்வளவு நேரம்?" என்றார் முதலாளி.

"துருப்பிடிச்சுக் கெடக்கு மொதலாளி."

குரல் அவருடையது மாதிரியே இல்லை. தங்கை ஒன்பதுக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். அந்த நாட்டின் வீழ்ச்சியில் அண்ணனால் தடுக்க முடிந்தது அந்த ஒன்றைத்தான். படியிறங்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். அவர் பலகைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மாட்டிவிட்ட எட்டை மறுபடி மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தார்.

பாக்கி போக மிஞ்சியது பஸ்ஸுக்கும் மிஷினை ஏற்றும் கூலிக்கும் சரியாக இருந்தது. வேறு ஊரில் இருக்கும் நாத்தனார், தன் வீட்டில் சமையலறையை ஒட்டிப் பாய் விரிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும் என்று தங்கை பிரார்த்தனையில் சொல்லிப் பார்த்தாள். நாக்கு எழவில்லை.

வழியனுப்ப அண்ணன் பஸ் நிலையத்துக்கு வந்தார். மிஷினைக் கூரைமேல் ஏற்றிக் கட்டச் சொல்லி, கயிற்றைத் தானே இழுத்துப் பார்த்தார். அதன்பின் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். சேதி இவளுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று பஸ் நிலையத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் தங்கையால் முடியவில்லை. திட்டிவிடலாமா என்றுகூட வந்தது. கடைசியில், எப்போதும் கேட்பதையே கேட்டாள்.

"இன்னிக்கு என்ன ரேட்டுண்ணே? நான் ஊரைவிட்டுப் போனது எத்தனையிலன்னு ஞாபகம் வச்சுக்க வேணாமா?"

காலையில் அவரே தகட்டை மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். விரலில் எண்ணெய்க்கறை இருந்தது. அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாக்கலை பாப்பா. நீ ஜன்னலோரமா உக்காரு, காத்து வரும்."