ஏழாம் வீட்டுப் பின்சுவர்

வேலூரில் பட்டாளத்தார் பந்தாடிய மைதானம், அவர்கள் போனபின் பல வருஷம் புதர் மண்டிக் கிடந்தது. 1924இல் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ஒருவர் அதை வாங்கினார். வேடிக்கை பார்ப்பவர்கள் உட்காரும் கல் படிகளுக்கு அடியில் குறுக்குச் சுவர்கள் எழுப்பிப் பன்னிரண்டு வீடுகள் ஆக்கினார். ஏழாம் வீடு, அவரிடம் தோல் தரம் பிரிக்கும் கவுஸ் பாஷாவுக்குக் கிடைத்தது. அவர் மனைவி அக்தரி பேகத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

வீட்டுக்கு ஒரே வாசல், மைதானத்தைப் பார்த்து. அங்கே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நாற்பது ஆண்கள் தோலை இழுத்து முளையடித்துக் காயப்போடுவார்கள். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாத கோஷாப் பெண் வெளியே போக, திரை போட்ட வண்டி வாசலுக்கே வரவேண்டும். சீட்டு வாங்கி ஒவ்வொருவராக நுழையக் கட்டிய மைதானக் கதவில் வண்டி எப்படி நுழையும்? வேலை இல்லாத வெள்ளிக்கிழமை மட்டும் அக்தரி வெளியே வந்தாள். மற்ற ஆறு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு, சரிந்திறங்கும் கூரைக்கு அடியில் குனிந்தே நடமாடினாள்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை ஹலீமா பீயின் வீடு. அவள் இருமுவதுகூடக் கேட்கும். தாய் இல்லாத பெண்கள். தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று அக்தரி வாக்குக் கொடுத்திருந்தாள். வலி எடுத்ததோ செவ்வாய்க்கிழமை காலை.

ஆட்களைக் கொஞ்சம் விலகச் சொல்லும்படி முதலாளியிடம் கேட்டால் வேலையோடு வீடும் போகும் என்று கவுஸ் பாஷா முன்பே சொல்லிவிட்டார். ஆண்கள் நடுவே நடந்து போனால் ஹலீமாவின் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். சுவருக்கு அப்பால் ஹலீமா, "ஆபா, ஆபா" என்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

எட்டாம் வீட்டில் ரத்தினசாமி மேஸ்திரி பூச்சு வேலையில் இருந்தான். அவனுக்குச் சித்தாளாக இருந்த அவன் மனைவி எல்லம்மாவை அழைத்து, பின்சுவரில் வழி வெட்ட முடியுமா என்று கேட்டுவரச் சொன்னாள் அக்தரி. முடியாதாம், மேலேயுள்ள படிகள் அத்தனையும் அந்தச் சுவர்மேல்தான் நிற்கின்றனவாம்.

மேஸ்திரியை வாசலுக்கு வரவழைத்து, அக்தரி கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்நிய ஆண் காதில் விழ அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"மேஸ்திரி, நான் போகவேணாம். என் கை போனா போதும்."

அவன் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நாலு கல்லு எடுக்கலாம்மா. மொதலாளி கேட்டா பெருச்சாளின்னு சொல்லிக்கலாம்."

அக்தரி போர்வைக்குள் ஒதுங்கிக்கொள்ள, தரையை ஒட்டி நாலு செங்கல் பெயர்ந்தது. அந்தப் பக்கம் ஹலீமாவின் பாயை ஓட்டையருகே இழுத்துப் போட்டார்கள். உன் அக்கா சுவரைத் தின்றுகொண்டு வருகிறாள் என்று மாமியார் முணுமுணுத்தாள். அக்தரி தரையில் படுத்துத் தோள்வரை கையை நுழைத்தாள். ஹலீமா பிடித்த பிடியில் வளையல்கள் நொறுங்கின. பகல் தொழுகை வேளையில் அழுகுரல் கேட்டது. ஈரமான ஒரு சின்னக் குதிகாலை யாரோ அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். ஆணா பெண்ணா என்று அக்தரி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெண்.

மூன்றாம் நாள் முதலாளிக்கு விஷயம் எட்டியது. ரத்தினசாமியே வந்து ஓட்டையை அடைத்தான். போகும்போது எல்லம்மா கதவோரம் குனிந்தாள்.

"சுண்ணாம்பு வெக்கல, பீபிம்மா. வெறும் மண்ணுதான். மேல வெள்ளை அடிச்சிருக்கு."

அக்தரி அந்த வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள். ஹலீமாவுக்கு அதன்பின் நாலு குழந்தைகள். அவற்றில் ஒன்று மட்டும் வெள்ளிக்கிழமை பிறந்தது. மற்ற மூன்றுக்கும் அக்தரி அந்த நாலு கல்லைப் பெயர்த்து, தரையில் படுத்துக் கையைத்தான் அனுப்பினாள்.