இருமிக்கொண்டு வந்த மாணவன்

ஒரு காலை வகுப்பில் வெண்கட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கவில்லை. சில வாரங்களில் முழங்கால்களும் வீங்கின. நான் அக்கராயன் கிராமத்துப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. வெயிலும் வேலையும்தான் காரணம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரிய வைத்தியசாலையில் அதற்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய்) என்று பெயர் சொன்னார்கள். அதை அடக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் தந்தார்கள்.

“ரீச்சர், உங்களுக்கும் புளூக் காய்ச்சல் தடுப்பூசி போடுவம்,” என்றார் என் மருத்துவர். “ஆனா இந்த மருந்துகளோடை அது முழுசா வேலை செய்யாது. உங்களுக்குக் கிட்ட வாற ஆக்கள் போட்டிருக்கவேணும். அதுதான் உங்களுக்குக் காவல்.”

நான் போட்டேன். என் கணவரும் போட்டுக்கொண்டார். எங்களால் செய்யக்கூடிய காவல் அவ்வளவுதான்.

மாரி தொடங்கிய பின், சேலைன் வழியே மருந்து ஏற்றுவதற்காக என்னை மறுபடி வைத்தியசாலை வாட்டில் அனுமதித்தார்கள். மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்து எங்கள் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சைக் கேட்பார்கள். அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒருநாள் உயரமான ஒரு மாணவன் இருமிக்கொண்டே வந்தான். முகக்கவசம் நாடிக்குக் கீழே கிடந்தது.

“தம்பி, அதை மேலை இழுத்துப் போடுங்கோ. எனக்குத் தொற்று வரக்கூடாது,” என்றேன்.

“சும்மா தடிமன்தான் அம்மா. பயப்பிடாதேங்கோ.”

மேலே இழுத்தான். பேசத் தொடங்கியதும் அது மறுபடி கீழே போயிற்று. கூட வந்த மாணவி அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: காய்ச்சலோடு ஏன் வந்தாய், மாணவர்களுக்கென்று வைத்தியசாலையில் தந்த புளூ ஊசியை நீ போடவில்லையா?

அவனும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான். அந்த ஊசி கிழவர்களுக்கானது, போட்டால்தான் காய்ச்சல் வரும், எங்கள் பிரிவில் யார்தான் போட்டது என்றான். நானும் போடவில்லைதான், படிக்கிற நேரத்தில் கை நோகும் என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் குனிந்து என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னான். நான் விலக முயன்றேன். கையில் சேலைன் ஊசி ஏறியிருந்தது. மூச்சை இழுத்தேன்.

அந்த வாரமே காய்ச்சல் கண்டது. இன்புளுவென்சா, அதன்மேல் நியூமோனியா (நுரையீரல் அழற்சி). தொண்டைக்குள் குழாய் செலுத்தி இயந்திரத்தால் மூச்சு விடவைத்தார்கள். அந்த நாட்களில் எதுவும் எனக்கு நினைவில்லை. விழித்தபோது குரல் இல்லை. நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது ஆறாது என்றார்கள்.

யாரிடமிருந்து தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவர் அப்படித்தான் சொல்லவேண்டும். எனக்கு உறுதிதான்.

அடுத்த ஆண்டு அவரே அழைத்தார். இறுதிப் பரீட்சைக்கு நோயாளிகள் தேவை, மாணவர்கள் என்னிடம் நோயின் கதையைக் கேட்டுப் பரீட்சகர்களிடம் சொல்லவேண்டும், வர முடியுமா என்று கேட்டார். அந்த மாணவனின் அணிதான் பரீட்சை எழுதுகிறது என்று தாதி ஒருவர் மூலம் அறிந்தேன். உடனே சம்மதித்தேன்.

என் கணவருக்கு விளங்கிவிட்டது. “அந்தப் பெடியன்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதையும்.”

“என்ர தொண்டையைக் கெடுத்தது ஆர்?” என்றேன்.

வேறு யாராவது என் கட்டிலுக்கு வந்துவிடக்கூடாது என்று வழியெல்லாம் நேர்ந்துகொண்டு போனேன். அவனே வந்தான். முகக்கவசம் ஒழுங்காக இருந்தது. என்னை அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. என் வேலை என்னவென்று அவன் கேட்கவில்லை. என் சேலையைப் பார்த்து ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டான். நான் திருத்தவில்லை.

“அந்தக் காய்ச்சல் வரேக்கை வீட்டிலை ஆருக்கும் தடிமன் இருந்ததோ அம்மா?”

“இல்லை. வாட்டிலை ஒரு மாணவருக்கு இருந்தது. இருமி இருமி என்ர நெஞ்சைச் சோதிச்சவர்.”

அவன் பேனை நின்றது. என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தான். கழுத்தில் வியர்வை அரும்பியதைக் கண்டேன். அவன் தலையைக் குனிந்து அடுத்த கேள்விக்குப் போனான்.

பரீட்சகர்கள் வந்தார்கள். ஆங்கிலத்தில் சரளமாக எல்லாம் சொன்னான். தொற்று எங்கிருந்து வந்தது என்று மூத்தவர் கேட்டபோது, வெளியில் எங்கேனும் இருந்திருக்கலாம், நோயாளிக்குச் சரியாக நினைவில்லை என்றான்.

கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, ஆங்கிலத்தில் சொன்னேன்: “எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சேர். நான் ஆங்கில ஆசிரியை. ஊசி கிழவர்களுக்கானது என்று என் கட்டிலடியில் நின்று சொன்னவர் இவர்தான்.”

மூத்தவர் ஆங்கிலத்திலேயே அவனைக் கேட்டார்: “உண்மையா?”

“ஓம் சேர்,” என்றான். ஆங்கிலம் அவனைவிட்டுப் போயிருந்தது.

பிறகு என் மருத்துவர் தனியே வந்தார். “நீங்கள் அப்பவே முறைப்பாடு செய்திருக்கலாமே ரீச்சர்?”

“செய்திருந்தா அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கும். இண்டைக்கு அவர் என்ர முகத்தைப் பாத்தவர்.”

அவன் அந்தப் பரீட்சையில் தவறிவிட்டான் என்று சில வாரங்களின் பின் தெரிந்தது. என்னால்தானா, தெரியாது. குசினி அடுப்படியில் நின்று சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறிச் சுவரைப் பிடிக்க வைத்தது. பழிவாங்கியவளுக்குச் சிரித்து முடிக்கும் அளவுக்குக்கூட மூச்சு மிஞ்சவில்லை. ஆனாலும் சிரித்ததற்கு வருந்தவில்லை.

என்னைப் போல இந்த மருந்துகளோடு வாழ்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்களைத் தொட வருபவர் யாராயினும், ஊசி போட்டாரா என்று கேளுங்கள். வெட்கப்படவேண்டியவர் நீங்கள் அல்ல.

மறுபடி வகுப்புக்குப் போகிறேன். முன்பு ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவதென்று அதன் பொருள் முடிவுசெய்யும். இப்போது நுரையீரல் முடிவுசெய்கிறது. ஆண்டும் எனக்குச் சித்திரையில் பிறப்பதில்லை. மாரி மழைக்குப் பின் வகுப்பில் எங்கோ ஒரு பிள்ளை முதலில் இருமுகிற நாளில் பிறக்கிறது. அந்த இருமலைக் கேட்டேனா என்று எனக்குத் தெரியுமுன்பே என் உடம்பு அந்தப் பக்கம் திரும்பி, மூச்சை நிறுத்திக்கொள்கிறது.