மரிய புஷ்பம் அருவி பார்த்தது

ஏலாக்குறிச்சி மரிய புஷ்பம் கொள்ளிடத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் படுத்து ஓடித்தான் பார்த்திருக்கிறாள். மேலிருந்து விழுந்து பார்த்ததில்லை. திருமானூரில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். முப்பத்தாறு வயதில், பிள்ளைகளின் நோட்டில் எழுத்து பிடிபடாமல் போக, வேலையை விட்டாள். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்று திருச்சியில் கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஏப்ரல் மாதம், அதே டாக்டர் பேச்சோடு பேச்சாக, "பாக்கணும்னு ஆசப்படுறத எல்லாம் சீக்கிரம் பாத்துடுங்கம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கணவன் பிலவேந்திரன் கேட்டான். "என்ன பாக்கணும் புஷ்பம்? வேளாங்கண்ணி போவமா?"

"அங்கதான் வருசா வருசம் போறமே. ஒரு அருவி பாக்கணும்ங்க."

பிலவேந்திரன் பழுதான தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுபவன். சாமான் வாங்கப் பெரம்பலூர் போனபோது கடைக்காரரிடம் விசாரித்தான். லாடபுரம் பக்கம் மயிலூற்று அருவி இருக்கிறது, கால் மணி நேர நடைதான், கைக்குழந்தையோடு போகிறவர்கள்கூட ஏறிவிடுவார்கள் என்றார் அவர். "ஆனா இப்ப போவாதீங்க. வெறும் பாறதான் இருக்கும். ஐப்பசி மழ பெய்யட்டும்."

காத்திருந்தார்கள். ஜூனில், பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் புஷ்பம் விழுந்து கை எலும்பு விரிசல் கண்டது. செப்டம்பரில், மகள் ஷாலினி மேரியின் முகம் அவளுக்கு மொத்தமாகத் தெரிவது நின்றுவிட்டது. கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மூவரும் போனார்கள். பாதை உண்மையிலேயே சுலபம்தான். பிலவேந்திரன் முன்னால் நடந்து, அவள் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டான். தண்ணீர்ச் சத்தம் நெருங்க நெருங்க அவள் வேகமாக நடந்தாள்.

அருவிக்கு எதிரே நிறுத்தி, "நேராப் பாரு" என்றான்.

பார்த்தாள். வளையல் அளவு வட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ நடுங்கியது. தலையை நகர்த்தினால் கறுப்புப் பாறை. இன்னும் நகர்த்தினால் யாரோ ஒருவரின் சிவப்பு பனியன். எவ்வளவு நேரம் நின்றும், துண்டு துண்டாகத் தெரிந்ததைச் சேர்த்து ஒரு அருவி ஆக்க முடியவில்லை.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க" என்றாள்.

இறங்கும்போது ஷாலினிதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாறை வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைந்ததும் மகள் நின்றுவிட்டாள்.

"இரும்மா. கண்ணு தெரியல. கொஞ்சம் பழவட்டும்."

பதிமூன்று வயதில், வெளி வெயிலிலிருந்து கோயிலுக்குள் போனால், தூணைப் பிடித்துக்கொண்டு புஷ்பமும் இப்படித்தான் நின்றிருக்கிறாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"போன வருசத்துலேருந்து. எல்லாருக்கும் அப்படித்தானேம்மா?"

பன்னிரண்டு மணி. பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அவர்களைத் தாண்டி அதே நிழலுக்குள் ஓடினார்கள்.

பஸ்ஸில் மகள் தூங்கியதும், "புள்ளைக்கும் இருக்குங்க" என்றாள். பிலவேந்திரன் "என்னது?" என்று கேட்கவில்லை.

டிசம்பரில் திருச்சிக்குக் கூட்டிப்போனார்கள். சோதனை முடிந்து, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் கேட்டார். "சொந்தத்துல கட்டுனீங்களா?"

"அத்த மவன் சார்" என்றாள் புஷ்பம். பிலவேந்திரன் தரையைப் பார்த்தான்.

"இவளுக்கு உங்கள விட வேகமாப் போவுதும்மா. இருவத்தஞ்சு வயசு வரைக்கும் பார்வ நிக்கிறது கஷ்டம்."

மகளிடம் நோயை மட்டும் சொன்னார்கள், வயதைச் சொல்லவில்லை. ஷாலினி அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கேட்டாள்.

"உனக்கு எந்த வயசுலம்மா எழுத்து தெரியாமப் போச்சு?"

"முப்பத்தாறு."

பதினாலு வயதுக்காரி விரல்விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு இன்னும் இருவத்திரெண்டு வருசம் இருக்கு."

"ஆமா" என்றாள் புஷ்பம்.

பஸ் வந்தது. போர்டில் எழுதியிருந்த ஊரை ஷாலினி உரக்கப் படித்துச் சொன்னாள். மூவரும் ஏறினார்கள்.