கடல் தின்ற குண்டு

இராஜபாளையத்தின் பெருமை எது என்றால், எல்லோரும் நூல் மில்லையும் பேண்டேஜ் துணியையும் சொல்வார்கள். நான், தொண்ணூறுகளில் அங்கே காயலான் கடை நடத்திய அந்த அம்மாவைச் சொல்வேன். நெடிய உருவம், தலையில் முக்காடு, முழங்கை வரை துரு. எந்த இரும்பு வந்தாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

நான் பழைய சைக்கிளை விற்கப் போயிருந்த அன்று, மூழ்கிய கப்பலின் இரும்பு தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்திருந்தது. சிப்பி ஒட்டிய ஓர் உருளையைத் தொட்டு ருசித்த அம்மா முகம் சுளித்தார். அதற்குள் வேலையாள் அதை உடைக்கச் சம்மட்டியை ஓங்கிவிட்டான்.

“ஏலே, போடாத! குண்டுலே அது!”

“கடல்ல ஊறி மக்கிப்போனது அக்கா. இனியா வெடிக்கும்?”

“கடல் இரும்பைத்தாம்லே தின்னும், மருந்தைத் தின்னாது. உப்புக் கரிக்க வேண்டியது, கசக்குது. உள்ள உள்ளது கசியுதுலே.”

“வெடிச்சா கட்டுப் போட்டுக்கிடலாம்க்கா.”

“நம்மூர்ல பேண்டேஜுக்குப் பஞ்சமில்ல. கட்டுறதுக்கு ஒனக்குக் கை இருக்காது!”

சம்மட்டி மெல்லக் கீழே இறங்கியது. எங்களைத் தெருமுனைக்கு விரட்டிவிட்டு, போலீஸ் வரும்வரை ஒருவரையும் உள்ளே விடாமல் வாசலில் நின்றார்.

குண்டை மணல் நிரப்பிய லாரியில் ஏற்றிய பிறகு இன்ஸ்பெக்டர் கேட்டார்: “எதை வச்சும்மா கண்டுபிடிச்சீங்க?”

அம்மா ஊரே பார்க்க நாக்கை நீட்டிக் காட்டினார். துருச் சிவப்பேறிய அந்த நாக்கு எனக்கு எங்கள் ஊர்க் கொடியாகத் தெரிந்தது.