நல்ல கண்ணையும் கேட்டார்கள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே, பனி இறங்கினால் பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் என் அன்பு. என் பெயர் ஸ்டெல்லா. கொழுந்து பறிக்கிறவள். என் வலது கண் எரிந்து போனதையும், அதற்காக நல்ல கண்ணையும் கத்திக்குக் கொடுக்க வேண்டி வந்ததையும், அதில் ஆண்டவர் செய்ததையும் சொல்லாமல் இருந்தால் எனக்கு மனசாட்சி குத்தும். சபையில் எழுந்து நின்று சொல்லப் பார்த்தேன். பாதியில் அழுகை வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

அது போன வருஷத்து ஆடி மாதம். மழை விட்டபாடில்லை. மழைக்காலத்தில் எங்கள் மலைகளில் அட்டைக்குப் பஞ்சமில்லை. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குவோம். அப்படியும் ஏறிவிட்டால், வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து அட்டை மேல் ஒரு தொடு தொடுவோம். அது சுருண்டு விழுந்துவிடும். எங்கள் அம்மாமார் செய்தது இது. நாங்களும் செய்கிறோம். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்று அட்டை என் கண்ணில் ஏறிவிட்டது. கீழ் இமையில், மயிர்க்காலுக்கு உள்பக்கமாக. எனக்கு ஏதோ உறுத்துவது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்காதான் முதலில் பார்த்தார். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து என் பக்கத்து நிரை அவருடையதுதான்.

"அசையாத புள்ள. கண்ணுல அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்தா, எடுத்துர்றேன்."

காலுக்குச் செய்வதைத்தான் அவர் கண்ணுக்கும் செய்தார். அட்டை விழுந்தது. "பாரு, விழுந்துருச்சி" என்றார். நான் கண்ணைச் சிமிட்டினேன். இமையில் இருந்த சுண்ணாம்பு உள்ளே போனது.

அந்த எரிச்சலை எழுத எனக்குத் தெரியாது. நான் கத்தினேன். பெண்கள் ஓடி வந்தார்கள். "தண்ணி படாம பாத்துக்கங்க, சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிச்சிரும்!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். கல் சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் எல்லோரும் நம்பினோம். மழைக்குப் போர்த்தியிருந்த பொலித்தீனை என் முகத்தில் மூடி, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணில் தேங்காய் எண்ணெய் விட்டார்கள். வானம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் என் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் செய்த முதல் வேலையே, என்னைப் படுக்க வைத்து, போத்தல் போத்தலாகக் கண்ணைக் கழுவியதுதான். "ஏம்மா அங்கேயே கழுவல்ல?" என்று கேட்டார்.  இதை வாசிக்கிற தோட்டத்துச் சகோதரிகளுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் சுண்ணாம்போ புல்லுக்கு அடிக்கிற மருந்தோ பட்டால் உடனே தண்ணீர். நிறையத் தண்ணீர். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஜெபியுங்கள்.

கண் இருந்தது. பார்வை இருக்கவில்லை. புண் ஆறும், ஆறும் என்று காத்திருந்தோம். ஆறுவதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. கண்ணின் வெள்ளைப் பக்கத்திலிருந்து சிவந்த நரம்புகளோடு ஒரு தோல் கருவிழி மேல் ஊர்ந்து வந்தது. காலையில் கண்ணாடியில் பார்ப்பேன். போன வாரத்தைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். கிறிஸ்மஸ் வரும்போது கருவிழியே தெரியவில்லை. என் மகள் என்னோடு பேசும்போது என் தோளைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டாள்.

லெட்சுமி அக்கா தினமும் வாசல் வரை வருவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கங்காணியிடம் கேட்டு வேறு நிரைக்கும் போய்விட்டேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அவருடைய குரல் கேட்டாலே அந்தக் கண் மறுபடியும் எரியும்.

பிறகு கொழும்பில் ஒரு பெரிய டொக்டரிடம் அனுப்பினார்கள். சிங்கள அம்மா. சாந்தமான முகம். அவர் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி எனக்கு விளக்கினார். கருவிழியின் ஓரத்தில், வட்டமாக, ஸ்டெம் செல் என்று சில உயிரணுக்கள் இருக்கின்றனவாம். கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதுத்தோலை அனுப்பிக்கொண்டிருப்பது அவைதானாம். சுண்ணாம்பு என் கண்ணில் அந்த ஓரத்தையே எரித்துவிட்டது. செத்தவர்களுடைய கருவிழியை எடுத்து வைத்தாலும் இந்தக் கண்ணில் நிற்காது, அதையும் இந்தத் தோல் மூடிவிடும் என்றார்கள்.

"அப்ப ஒண்ணும் செய்ய ஏலாதா மிஸ்ஸி?"

"செய்யலாம். ஆனா அதுக்கு ஒங்க மத்தக் கண்ணு வேணும்."

 நல்ல கண்ணின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுப்பார்களாம். அதைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, எரிந்த கண்ணைச் சுத்தம் செய்து, அதன் மேல் பிள்ளைப்பேற்றில் நஞ்சுக்கொடியோடு வருகிற ஒரு மெல்லிய சவ்வைப் பரப்பி, அதில் ஒட்டி வைப்பார்களாம். அந்தச் சவ்வு எந்தத் தாயோ கொடுத்தது. துண்டுகள் வளர்ந்து புதுத்தோல் மூட வேண்டும். மூடலாம், மூடாமலும் போகலாம். நல்ல கண்ணுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டார். "போனது போகட்டும். இருக்கிறதையாவது வச்சிக்க."

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் விஷயத்தை வைத்தோம். எல்லோரும் முழங்காலில் இருந்தோம். திடீரென்று ஒரு சகோதரி நடுங்கிக்கொண்டு எழுந்தார். அவர் தரிசனம் காண்கிறவர் என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் மரியாதை உண்டு. "ரெண்டு வெளக்கு எரியுது. ஒண்ணு ஏற்கனவே மங்கிருச்சி. கத்தி வருது. ஐயோ, ரெண்டும் அணைஞ்சி போகுது" என்றார். ஒரு குழந்தை அழத் தொடங்கியது.  போதகர் ஐயாவிடம் என்ன செய்வதென்று கேட்டேன். "தரிசனத்தைத் தள்ளவும் முடியாது, டொக்டரைத் தள்ளவும் முடியாதும்மா" என்றார். பாவம், அவர்தான் என்ன செய்வார்.

நான் உபவாசம் இருந்தேன். போகட்டுமா, வேண்டாமா, ஒரு சொல் சொல்லும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். பதில் இல்லை. மாசிப் பனியில் அந்த மௌனம் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. எரிந்த கண்ணை விட நல்ல கண்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அடுப்பு ஊதும்போது கையால் மறைப்பேன். காற்றடித்தால் கண்ணை மூடுவேன். ஒரு நாள் தேயிலைச் செடியின் கிளை வாது ஒன்று நிமிர்ந்து அந்த இமையில் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் அங்கேயே, ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.  கத்திக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் கண்ணும் ஒரு குச்சிக்குப் போய்விடுமே. அப்போது வாய்விட்டுக் கேட்டேன். "இத எதுக்குப்பா எனக்கு விட்டு வச்சீங்க?"

அந்த நேரத்தில் எனக்கு எங்கள் தோட்டத்து நர்சரி ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் நான் அங்கே வேலை செய்தேன். நல்ல தாய்ச்செடியாகப் பார்த்து வாது வெட்டி, ஒரு இலையும் துளித் தண்டுமாக நறுக்கி, பையில் நட்டுப் பொலித்தீன் போட்டு மூடி வைப்போம். ஒரு இலையிலிருந்து ஒரு முழுச்செடி வரும். வாது கொடுத்ததற்காகத் தாய்ச்செடி பட்டுப்போனதை நான் பார்த்ததே இல்லை. டொக்டர் சொன்னதும் இதுதானே என்று பட்டது. அத்தனை நாளும் வராத நினைப்பு, கேட்ட நிமிஷத்தில் வந்தது. அது என் புத்தியில் உதித்தது என்று நான் நினைக்கவில்லை. ஆண்டவர் தந்த பதில் அது.

வீட்டுக்காரரிடமும் இதைச் சொன்னேன், போவதென்று முடிவாயிற்று. பெண்கள் வார்டில் வீட்டுக்காரர் தங்க முடியாது. மகள் சின்னவள். யாரைக் கூட்டிப் போவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது லெட்சுமி அக்கா ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார்.

"நான் வர்றேன். நீ என்னோட பேச வேணாம். கூட இருக்க ஒரு பொம்பள வேணும்ல."

ஹட்டனில் ரயில் ஏறினோம். கொழும்பு வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

மயக்கம் தெளிந்தபோது இருட்டு. இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு நாளைக்கு இரண்டையும் கட்டி வைப்போம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அது எங்கே நினைவுக்கு வந்தது? இரண்டு விளக்கும் அணைகிறது என்று அந்தச் சகோதரி சொன்னதுதான் காதில் கேட்டது. நடந்துவிட்டது, நானே போய்க் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கையைக் கட்டுக்குக் கொண்டுபோனேன். பிய்த்து எறிந்திருப்பேன். ஒரு கை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தது. கொழுந்து பறித்துக் காய்ப்பு ஏறிய கை.

"வேணாம் புள்ள. கழட்டாத. நான் இங்கதான் இருக்கேன்."

"அக்கா, பகலா ராவா?"

"பகல்தான். ஜன்னல்ல வெயில் அடிக்குது."

"என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

மாதக்கணக்குக்குப் பிறகு நான் அவரோடு பேசிய பேச்சு அதுதான். அவர் சொல்லத் தொடங்கினார். எதிர்க் கட்டிலில் ஓர் அம்மா தோடம்பழம் உரிக்கிறார். வாசலில் ஒரு காக்கா வந்து எட்டிப் பார்க்கிறது. மிஸ்ஸி ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். கட்டு அவிழ்க்கும் வரை, தூங்கின நேரம் போக, நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு கிடந்தேன். பார்வை வேண்டுமென்று அப்போது நான் கேட்கவில்லை. இந்தக் கை போய்விடக் கூடாது என்றுதான் கேட்டேன்.

மறுநாள் நல்ல கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். ஓரம் கொஞ்சம் சிவந்திருந்தது. பார்வை அப்படியே இருந்தது. ஊருக்கு வந்த பிறகு தரிசனம் கண்ட சகோதரி வீட்டுக்கு வந்து, "நான் கண்டது பொய்யில்ல ஸ்டெல்லா" என்றார். "பொய்யில்லக்கா. ரெண்டும் அணைஞ்சிச்சிதான். நீங்கதான் பாதியிலயே கண்ணத் தொறந்துட்டீங்க" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

எரிந்த கண் அப்படிச் சட்டென்று திறக்கவில்லை. வைத்த துண்டுகள் பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் உற்றுப் பார்க்கும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும். பிடித்தது. புதுத்தோல் மூடியது. சிவப்பு நரம்புகள் மெல்ல வாடின. பனி கலைகிற மாதிரி வெளிச்சம் வந்தது. பழைய தோல் மறுபடி ஊர்ந்து வரலாம், வாழ்நாள் முழுக்கக் கவனம் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இன்றும் காலையில் கண்ணாடி முன் போய் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வேலை முடிந்து லெட்சுமி அக்கா தினமும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நான் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் பார்ப்பேன். "தெரியுதா?" என்பார். முதலில் ஒரு நிழல்தான் தெரிந்தது. பிறகு சேலையின் நிறம். பிறகு பொட்டு. ஒரு நாள் அவர் கிட்டே வந்து குனிந்தபோது முகமே தெரிந்தது. மூக்கில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. எனக்குத் தெரிந்த காலம் முழுக்க அவர் மூக்கில் ஒரு சிவப்புக் கல் மூக்குத்தி இருக்கும். அது இருந்த துளையில் ஒரு துண்டு ஈர்க்குச்சி சொருகியிருந்தது.

"என்னக்கா, மூக்குத்தியக் காணோம்?"

அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுவா? ஒன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்கே மாரியாத்தா உண்டியல்ல போட்டுட்டேன். இத வச்சிக்க, புள்ள கண்ணக் குடுன்னு." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "அது சரி, நீ எந்தக் கண்ணால பாத்த?"

என் கை இன்னும் நல்ல கண் மேல்தான் இருந்தது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக அவர் மூக்கில் அந்த ஈர்க்குச்சி இருந்திருக்கிறது. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை.

யாருடைய ஜெபத்துக்கு இந்தப் பதில் வந்தது என்று சபையில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் கூப்பிட்டது என் ஆண்டவரை. எனக்குக் கண் தந்தவர் அவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டது நான் மட்டும்தானா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இப்போது இருட்டில் இருக்கலாம். மிச்சமிருக்கும் ஒன்றையும் கொடுக்கச் சொல்கிறார்களே என்று நடுங்கிக்கொண்டிருக்கலாம். நானும் நடுங்கினேன். பயத்தோடேயே அவரை நம்புங்கள், அவர் பயந்தவர்களைத் தள்ளுகிறவர் அல்ல. அவர் அனுப்பும் உதவி உங்கள் வாசலில் ஒரு பையோடு வந்து நின்றால், தயவுசெய்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.