பத்து நாற்பதுக்கு எடுத்த இரத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. வாதாட எனக்குத் தெம்பில்லை. போன மார்கழியில் திருவொற்றியூரில் எனக்கே நடந்தது இது.

யானைக்கால் நோய்ப் புழுவின் மேலுறையில் ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் புழுவை நம் உடம்பின் கண்ணில் படாமல் மறைக்கிறது. அதை முடக்க எங்கள் லேபில் ஆறு வருடமாக மருந்து தேடுகிறோம். அப்போது, திங்கட்கிழமைக்குள் உயிருள்ள புழு கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் புழுவோ பகலில் நுரையீரலில் பதுங்கிக்கொள்ளும். இரவு பத்துக்கு மேல்தான் விரல்நுனி இரத்தத்துக்கு வரும். ராத்திரியில் அலையும் நாய்ப் பிழைப்பு.

குப்பத்தில் தாயம்மா என்று ஒரு மீன்காரம்மா. மாத்திரை தின்றும் புழு போகாதவர். ஒவ்வொரு முறையும், "மருந்து வந்துச்சா நைனா?" என்பார். "அடுத்த வருஷம்மா" என்பேன். நாலு வருடமாக அதே பொய்.

அன்று இரவு களைப்பில் போன்கூடச் செய்யாமல், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மணி 10.40. தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது, தாயம்மாதான். உள்ளே விளக்கில்லை. வழக்கமான மீன் வாடை இல்லை. ஏதோ ஆஸ்பத்திரி வாடை...

போன் வெளிச்சத்தில், எங்கள் வழக்கப்படி முதலில் என் விரலைக் குத்தி ஒரு குப்பியில் எடுத்தேன். எதிரில் இருப்பவர் பயப்படாமல் இருக்க, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க. அடுத்து, புது ஊசியில் அவர் விரல். சில்லென்று இருந்தது. பிழிந்து பிழிந்துதான் ஒரு சொட்டு வந்தது.

அன்று மருந்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"இன்மே இவ்ளோ தூரம் அலையாத நைனா."

இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

11.50. ராயபுரம் லேப். அவர் குப்பியில் ஒரு புழுகூட இல்லை.

என் குப்பியில்... துடித்துக்கொண்டிருந்தன.

தூக்கக் கலக்கத்தில் குப்பிகளில் பெயரை மாற்றி எழுதியிருப்பேன். மறுபடி என் விரலைக் குத்தினேன்.

12.10.

நெளிந்தன...

காலையில் அவர் மகள் வினிதா போன் செய்தாள். "அம்மா நேத்து நாலு மணிக்கே பூட்ச்சி சார். ஆஸ்பத்திரில இன்னும் பாடி குடுக்கல. நாங்கல்லாம் இங்கதான் கீறோம். வூடு நேத்துலருந்து பூட்டிதான் கீது."

அந்தப் புழு ஒருவர் இரத்தத்தில் தென்பட மாதக்கணக்கில் ஆகும். முந்தின வாரம்வரை என் இரத்தம் சுத்தம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆராய்ச்சியை மூடவில்லை. நான் எங்கும் அலைவதும் இல்லை. இரவு 10.40க்கு என் விரலையே குத்திக்கொள்கிறேன். போன வாரம் எங்கள் தலைமை ஆராய்ச்சியாளரிடம், "மருந்து எப்ப சார் வரும்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம்" என்றார்.