கறக்காத மடி

வெள்ளைக்காரன் போன புதிது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மாட்டு வேகனுக்கு ஈய முத்திரை போடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். பித்தான் இல்லாத காக்கிச் சட்டையைக் கயிற்றால் கட்டியிருப்பார். ஒவ்வொரு மாட்டிடமும், "போய்க்கினு வா தாயீ" என்று சொல்லித்தான் கதவடைப்பார்.

திருவொற்றியூரிலேயே என் பசுவுக்கு ஈடு கிடையாது. வெளியூர் மாட்டுக் கண்காட்சிக்கென்று குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, புல்லுக்கட்டோடு ஏற்றினேன். மடி பெருத்துத் தெரியட்டுமென்று முதல் நாள் சாயங்காலமே கறப்பை நிறுத்தியிருந்தேன்.

"இன்னாம்மா, மடி கல்லாட்டம் கீது? கறந்துடு. வண்டி எப்போ பொறப்படும்னு எனக்கே தெரியாது."

"என் மாட்டை எனக்குத் தெரியும் நைனா. நீ கதவைச் சாத்து."

சாத்தி முத்திரை போட்டார். பொழுது சாயும்வரை வண்டி நகரவில்லை. உள்ளே பசு கதறியது.

"திறந்துடு நைனா" என்று கெஞ்சினேன்.

"போடறதுதான் என் வேலை. உடைக்கறது எறங்கற ஊர்லதாம்மா."

தலைத்துண்டை நனைத்து, கம்பிச் சந்தில் கைவிட்டு, வண்டி கிளம்பும்வரை அதன் முதுகில் பிழிந்துகொண்டே நின்றார்.

பால் கட்டி, இரண்டு காம்பு செத்துத்தான் பசு திரும்பியது. அப்போதும், 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசியிருப்பேன். நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.